சென்சாருக்கு வைத்த பொட்டு

அந்த ஆளை எனக்குப் பதினெட்டு வருடமாகத் தெரியும். முதல் பதினான்கு வருடம் அண்ணா என்று கூப்பிட்டேன். அதற்குப் பிறகு சார். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர், பிறகு கூட்டாகக் கம்பெனி ஆரம்பித்தவர். ஒரே அறையில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிற ஒருத்தி திடீரென்று ஒரு திங்கட்கிழமையிலிருந்து சார் போட ஆரம்பித்தால் மனுஷனுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். உறைக்கவே இல்லை. ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி எடுத்துக்கொண்டார். இங்கேயும் அவர், இவர் என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை எழுத்தில் மட்டும்தான்.

கம்பெனி அடையாறில் ஒரு குறுக்குத் தெருவில், பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்குக்கு மேல் மாடியில் இருந்தது. கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாக ஓடுகிற பெட்டி ஒன்றைச் செய்தோம். ஒரு பக்கம் ஹைட்ரஜன் வாயுவை விட்டால் மறுபக்கம் கரண்ட் வரும், கூடவே கொஞ்சம் தண்ணீர் சொட்டும். புகை கிடையாது, சத்தம் கிடையாது. பெட்டியைப் பற்றி எங்களுக்குள் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. அதற்குள் போகிற ஹைட்ரஜன் எங்கிருந்து வரவேண்டும் என்பதில்தான் எல்லாம் நாசமாய்ப் போனது.

அவர் சிலிண்டர் கட்சி. எங்கோ ஒரு தொழிற்சாலையில் செய்த வாயுவை அழுத்தி அடைத்து வாங்கி வைத்துக்கொள்வது, வேண்டும்போது வால்வைத் திறப்பது. நான் அப்போதைக்கப்போது செய்துகொள்ளும் கட்சி. ஹைட்ரஜனைப் போல லேசான வாயு வேறு கிடையாது. எந்தச் சந்து கிடைத்தாலும் நுழைந்து வெளியே போய்விடும். தீப்பொறி பட்டால் அவ்வளவுதான். அப்படிப்பட்டதை மருத்துவமனையிலும் கடையிலும் நாள் முழுக்க அடைத்து வைத்துக் காவல் காப்பானேன் என்பது என் கேள்வி.

என் வழி எங்கள் வீட்டிலிருந்து வந்தது. தி. நகரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து வைத்த கடை. அலுமினியக் குண்டானைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டு ஓட்டை விழ வைத்துவிட்டு, மட்டமான சாமானைத் தலையில் கட்டிவிட்டாய் என்று சண்டைக்கு வருகிறவர்கள் மாதத்துக்கு ஒருத்தராவது உண்டு. அப்பா வாக்குவாதம் செய்யமாட்டார். ஒரு புதுக் கிண்ணத்தை எடுத்து, அவர்கள் கண் முன்னாலேயே அதில் கொஞ்சம் காஸ்டிக் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். சரசரவென்று நுரைத்துக்கொண்டு குமிழி கிளம்பும். அந்தக் குமிழிதான் ஹைட்ரஜன் என்று பின்னால் கல்லூரியில் படித்தபோது வகுப்பிலேயே சிரித்தேன்.

அதை வைத்துத்தான் என் டப்பாவைச் செய்தேன். உள்ளே அலுமினியச் சீவல், மேலே காஸ்டிக் கலந்த தண்ணீர். விளக்கைப் போட்டால் தண்ணீர் சொட்டும், வாயு வரும், பெட்டி ஓடும். விளக்கை அணைத்தால் சொட்டு நிற்கும், அதோடு வாயுவும் நிற்கும். அறையில் எந்த நேரத்திலும் ஒரு சொம்பு வாயுவுக்கு மேல் இருக்காது. இதில் குறை இல்லையா என்றால் இருந்தது. கரண்ட் போய் அரை நிமிடம் கழித்துத்தான் வேகம் பிடிக்கும். ஓடி முடித்த பிறகு அடியில் வெள்ளையாகச் சேறு தங்கும், அதைச் சுரண்டிக் கழுவவேண்டும். இதை யார் கழுவுவது, கஸ்டமரா என்று அவர் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக வருகிறது.

தேனாம்பேட்டையில், பணம் போட வந்தவர்களின் அலுவலகத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. நான் டப்பாவைத் திறந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், இந்த அலுமினிய யோசனை எப்படி வந்தது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நம் ஆள் முந்திக்கொண்டார்.

"பாத்திரக்கடை வீட்டுப் பொண்ணு சார். எதைக் கேட்டாலும் அலுமினியத்துலதான் யோசிப்பா."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சொன்னதைக்கூட விட்டுத்தொலைக்கலாம், நான் சிரித்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சிலிண்டர்தான் என்று அன்றைக்கே முடிவாயிற்று. என் டப்பா, பால்கனிக் கதவு காற்றில் அடித்துச் சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுக்கப் பயன்பட்டது. நாலு வருடம் அந்தக் கதவைத் தாண்டித்தான் கை கழுவப் போய்வந்தேன்.

வேலையை விட்டுப் போயிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். போய்விட்டால் அவர் விழுவதைக் கிட்டத்தில் நின்று பார்க்க முடியாதே. அடைத்து வைப்பது ஆபத்து என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவள், என் ஆத்திரத்தை மட்டும் அழுத்தி அழுத்திச் சேர்த்து வைத்திருந்தேன். மயிலாப்பூரிலிருந்து காலையில் பஸ் ஏறும்போதே, இன்றைக்காவது எங்கேயாவது சறுக்குவாரா என்றுதான் மனசு ஓடும். கபாலி கோயில் வாசலைத் தாண்டும்போது கும்பிட்டதும் அதற்காகத்தான். சாமியிடம் இதையெல்லாம் கேட்கக்கூடாது என்று தெரியும். கேட்டேன்.

அலுவலகத்தில் எங்களோடு இருந்தவர்களில் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நொச்சிக்குப்பத்துக்காரர். கூட்டுவது, துடைப்பது, காபி போடுவது எல்லாம் அவர்தான். அதற்கு முன்னால் இருபது வருடம் ரோட்டோரத்தில் தார்ப்பாய் விரித்து மீன் விற்றவர். வெயில் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தடவை மயங்கி விழுந்த பிறகு இந்த வேலைக்கு வந்தார். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, ஃபேனை நிமிர்ந்து பார்த்து, "ஃபேனுக்குக் கீய குந்திக்கினு சோறு துன்றேன், இதுக்கு மேல இன்னா வோணும்" என்பார். கிண்டலுக்குச் சொல்வதில்லை. அந்த வேலையை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தார். துடைத்த இடத்தை மறுபடியும் துடைப்பார். எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை அரைக்கரண்டி கம்மி என்பதை ஒரு தடவைகூட அவர் மறந்ததில்லை.

அந்த வருடம் ஒரு டாக்டர் எங்கள் பெட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. வேளச்சேரியில் சின்னதாக ஒரு மருத்துவமனை வைத்திருக்கிறவர். வெள்ளத்தின்போது தரைக்குக் கீழே வைத்திருந்த ஜெனரேட்டர் முழுகிவிட, தடுப்பூசிகளை ஐஸ் பெட்டியில் போட்டு இடுப்பளவுத் தண்ணீரில் தலையில் சுமந்துகொண்டு போனவர். அவர் வாங்கினால் அவரைப் பார்த்துப் பத்துப் பேர் வாங்குவார்கள். நல்ல நாள் பார்த்து, விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார் நம் ஆள்.

முந்தின நாள் ஆயுதபூஜை. முதலாளி தோரணையில் வேட்டி கட்டிக்கொண்டு அவர்தான் தீபாராதனை காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. வேண்டுமென்றே தாமதமாகப் போய், வாசலோடு நின்று, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். உள்ளே எதையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் போய்விட்டேன். எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். கம்ப்யூட்டருக்கு, பிரிண்டருக்கு, ஸ்பானருக்கு, பெட்டிக்கு, பால்கனியில் நின்ற சிலிண்டர்களுக்கு. ஒரு சிலிண்டர் மட்டும் கூடத்துக்குள் வந்திருந்தது. சிலிண்டர் பால்கனியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது எங்கள் விதி. டாக்டர் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கட்டும் என்று அவரே உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார். அதற்கு நாலடி தள்ளிக் குத்துவிளக்கு, திரி போட்டுத் தயாராக. டாக்டர் கையால் ஏற்ற வைப்பாராம்.

என்னை அறியாமல் கண் மேலே போனது. ஹைட்ரஜன் கசிந்தால் நேரே மேலே ஏறும் என்பதால் அதை மோப்பம் பிடிக்கிற சென்சாரைக் கூரையில் மாட்டியிருந்தோம். வடை அளவில் வெள்ளையாக ஒரு வட்டம், நடுவில் பொடி வலை. வாயு அந்த வலை வழியாக உள்ளே போனால்தான் கத்தும். அந்த வலையின் நட்ட நடுவில் ஓர் உருண்டைச் சந்தனம், அதன்மேல் குங்குமம். ராத்திரியில் காய்ந்து ஓடுபோல இறுகியிருந்தது. ஓரத்தில் பச்சை விளக்கு ஒரு குறையும் இல்லை என்று எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி யாரோ அவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள்.

வால்வைத் திறப்பதற்கு முன்னால் சென்சார் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன ஸ்ப்ரே டப்பா இருந்தது, உள்ளே துளி ஹைட்ரஜன் கலந்த காற்று. நீளமான குழாய் வைத்துச் சென்சார் பக்கம் அடித்தால் அது கத்தவேண்டும். இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதும் நான்தான். ஆனால் அந்த டப்பாவும் பூஜையில் இருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை யாரும் தொடமாட்டோம். ஆக, நேற்று மத்தியானத்திலிருந்து யாரும் சோதிக்கவில்லை. மறுபூஜை முடிந்ததும் டாக்டர் வந்துவிடுவார். அவசரத்தில் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு இவர் வால்வைத் திறந்துவிடுவார். எனக்கு இவரைத் தெரியும்.

ஒரு ஈரத்துணியும் ஸ்டூலும் எடுத்துவந்து சந்தனத்தைத் துடைத்திருக்கலாம். வலைக்குள் இறங்கியிருந்தால் பீரோவில் புதுச் சென்சார் ஒன்று இருந்தது, மாற்றப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் செய்யவில்லை. நாலு வருடம் கும்பிட்டது வீண்போகவில்லை என்று தோன்றியது. நெஞ்சு குளிர்ந்து, கூரையைப் பார்த்துச் சிரித்தபடி நின்றேன். அந்த நேரம் பார்த்து அக்கா காபி கொண்டுவந்து நீட்டினார். என் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார். வாங்கிக்கொண்டேன். சர்க்கரை அளவாக இருந்தது.

நான் கொலைகாரி இல்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாதபடிதான் திட்டம் போட்டேன். சிலிண்டருக்குக் கையெட்டும் தூரத்தில் நிற்பேன். அவர் வால்வில் கை வைக்கும்போது, டாக்டர் காதில் விழும்படி, சென்சாரைச் சோதித்தாயிற்றா சார் என்று கேட்பேன். அதான் பச்சை எரிகிறதே என்பார். ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அடிப்பேன். கத்தாது. அடைத்து வைத்த வாயுவை எப்படிக் காவல் காக்கிறார்கள் என்று டாக்டர் தன் கண்ணால் பார்ப்பார். அதற்குப் பிறகு முட்டுக்கொடுத்த டப்பாவைக் கதவடியிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைப்பேன். ஒன்றரை மணி நேரம் இதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படியே நடந்தது. மறுபூஜை, கற்பூரம் மலையேறியது, டாக்டர் வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றினார். நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே நம் ஆளின் கை வால்வுக்குப் போய்விட்டது. அந்தச் சுடரைப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"சார், சென்சார் டெஸ்ட் பண்ணியாச்சா?"

அவர் திரும்பாமலேயே மேலே கை காட்டினார். பச்சை எரியுதே. நான் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து அதன் குழாயை மேலே நீட்டி அடித்தேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை அடித்தேன். டாக்டர் அண்ணாந்து பார்த்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அது சந்தனமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில் போய் விளக்கை அணைத்தார் அந்த மனிதர். அந்த அரை நிமிடம், நம் ஆளின் கழுத்தில் வேர்வை வழிந்து சட்டைக் காலருக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். அதைப் பார்க்கத்தான் நாலு வருடம் காத்திருந்தேன். இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அவ்வளவு இனித்தது.

அரை நிமிடம்தான். அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார். யார் இதை வைத்தது என்று கூடமே அதிரக் கேட்டார். அக்கா சுண்டல் தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

"நாந்தான் சார். எல்லா மிசினுக்கும் வெய்யின்னு நீங்கதான சொன்னீங்க. ஒண்ணு பாக்கி வுடாத வெச்சிட்டேன்."

தட்டை வைத்துவிட்டுப் போகச்சொன்னார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். டாக்டருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அழுத்திச் சொன்னார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, பாதுகாப்பு விஷயத்தில் எங்களிடம் தயவுதாட்சண்யமே கிடையாது என்றார். வால்வைத் திறப்பதற்கு முன்னால் கண்டுபிடித்தோமே, அதுதான் எங்கள் முறை என்றார். அதற்காகத்தான் இவங்களை வைத்திருக்கிறேன் என்று என்னைக் காட்டினார். குத்துவதற்கென்று நான் தீட்டிக்கொண்டுபோன கத்தியை வாங்கி, அவர் பாட்டுக்கு ஆப்பிள் நறுக்கி விருந்தாளிக்குக் கொடுத்தார்.

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாராட்டு.

நான் அப்போது பேசியிருக்கவேண்டும். அவங்க தப்பு இல்ல சார் என்று ஏதோ முனகினேன், அது எனக்கே கேட்கவில்லை. அக்காவைக் காப்பாற்றக்கூடிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காலையிலேயே பார்த்துவிட்டேன், வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். அதைச் சொன்னால் நான் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா தட்டை மேஜையில் வைத்தார், சமையல் மேடையிலிருந்து தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார், படியிறங்கிப் போனார். மணி பத்தரைகூட ஆகவில்லை. தூக்கு திறக்கப்படாமலேயே போனது.

டாக்டர் சிலிண்டரோடு சேர்த்துப் பெட்டியை வாங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து நான் வேலையை விட்டேன். போகும்போது கதவடியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டேன், பால்கனிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இப்போது தி. நகரில் தம்பி பார்க்கிற கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, அந்த வெள்ளைச் சேறு தானாகவே வெளியே வந்துவிடுகிற மாதிரி ஒரு தட்டு செய்திருக்கிறேன். அரை நிமிடத் தாமதத்துக்குச் சின்னதாக ஒரு பேட்டரி. யார் கழுவுவது என்று இனிமேல் அவர் கேட்கட்டும். வேலை செய்யும்போது மனசில் எந்த உன்னத நோக்கமும் கிடையாது. அவர் முகத்தில் கரி பூசவேண்டும் என்பது மட்டும்தான். இன்னும் ஆறவில்லை, ஆறும் என்று தோன்றவுமில்லை.

தட்டு சரியாக வேலை செய்த வாரம் அக்காவைத் தேடிக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். காலை பதினொரு மணி இருக்கும், உச்சி காய்ந்தது. ரோட்டோரம் தார்ப்பாயில் சங்கராவும் கெளுத்தியும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத் துண்டு. முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து, வாம்மா என்றார். நின்றுகொண்டே சொன்னேன். தனியாக ஆரம்பித்திருக்கிறேன், நீங்கள் வந்துவிடுங்கள், மாடிதான், ஃபேன் இருக்கிறது என்றேன். அவர் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சை நிறுத்தத் தெரியவில்லை. அந்த ஆள் உங்களுக்குச் செய்தது அநியாயம், அவரைச் சும்மா விடமாட்டேன், உங்களுக்கும் சேர்த்துத்தான் பழி தீர்க்கப்போகிறேன் என்றேன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"அவரு கெட்டவரு. அது எனுக்கு மொதல்லயே தெரியும், அதுக்கு இன்னா பண்ண முடியும்? அன்னிக்குக் காலைல காபி எட்த்துக்கினு வந்தேன். நீ மேல பாத்துக்கினு சிரிச்சிக்கினு நின்னே. நான் வெச்ச பொட்டு அயகா கீதுன்னு சிரிக்கிறேன்னு நெனச்சேன்மா."

அக்கா கத்தியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு எனக்குப் பின்னால் பையோடு நின்றவரைப் பார்த்து, உனுக்கு இன்னா மீனு வோணும் என்று கேட்டார்.